சென்னை லைட் ஹவுஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை மெரினாவுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். போகிற வழியில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம் கண்ணில் பட்டதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த லைட் ஹவுஸ் எவ்வளவு பழையது?

கோபுரத்தைக் கேட்டால் 1977. விளக்கைக் கேட்டால் 1796. அந்தக் கோபுரத்தில் விளக்கு ஏற்றப்பட்டது 1977 ஜனவரி 10 அன்று. ஆனால் சென்னைக் கரையில் கப்பல்களுக்காக விளக்கு எரியத் தொடங்கி இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. கோட்டைக்குள் ஒரு மாடி, அப்புறம் ஒரு கல் தூண், அப்புறம் உயர் நீதிமன்றக் கோபுரம், கடைசியில் மெரினா என்று விளக்கு நான்கு இடம் பார்த்துவிட்டது. நான்கு கட்டடங்களும் இன்றைக்கும் நிற்கின்றன. விளக்கு இடம் மாறினால் பழைய கட்டடத்தை இடித்துவிடுவதோ, அது இடிந்து போவதோதான் பெரும்பாலும் நடக்கும். இங்கே நான்கையும் நேரில் போய்ப் பார்க்கலாம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

‘கலங்கரை விளக்கம்’ என்றால் என்ன? ‘கலங்கரை விளக்கு’ என்பது தவறா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘விளக்கம்’ பழையது. கலம் என்றால் கப்பல், படகு. ‘கரை’ என்று கேட்டதும் எல்லோருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். இங்கே அது வினைச்சொல். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான். அழைத்தல் என்று பொருள். கலங்களைக் கரையும் விளக்கம், அதாவது கப்பல்களைக் கூப்பிடும் வெளிச்சம்.

பெரும்பாணாற்றுப்படையில் இதற்கு நேரான சான்று இருக்கிறது. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பாடும்போது, ஏணி சாத்திய உயரமான, கூரை வேயாத மாடத்தில் இரவு நேரத்தில் தீ மூட்டி வைத்திருப்பதையும், அது கடலில் ‘ஓடுகலம் கரையும்’ என்பதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். அந்தத் துறைமுகம் மாமல்லபுரமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிலப்பதிகாரமும் புகாரைச் சொல்லும்போது ‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லை அப்படியே பயன்படுத்துகிறது. ஒரு வெளிச்சம் கூப்பிடுகிறது என்று நினைத்துப் பார்த்த அந்த மனதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பேச்சில் நாமெல்லாம் சொல்வது லைட் ஹவுஸ்தான். பஸ்ஸில் அப்படிக் கேட்டால்தான் டிக்கெட் கிடைக்கும்.

முதல் விளக்கு எங்கே இருந்தது?

புனித ஜார்ஜ் கோட்டைக்குள். இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் பெரிய கூடம் இருந்தது. பிறகு அதிகாரிகளின் உணவு விடுதியும் அங்கே நடந்தது. 1796இல் அதன் மாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரியும் பெரிய விளக்கை வைத்தார்கள். வேயா மாடத்தில் இரவில் மாட்டிய சுடர் என்று புலவர் சொன்னதற்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கோட்டை மாடியில் வைத்தால் கடலுக்குத் தெரியுமா என்று அடுத்து கேட்பார்கள். இன்றைக்குக் கோட்டைக்கும் அலைக்கும் நடுவில் சாலையும் துறைமுகமும் இருக்கின்றன. அன்றைக்குக் கோட்டையின் கிழக்கு மதிலுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் நேராகத் தண்ணீர்தான்.

அப்போது துறைமுகமே இல்லையாமே, பிறகு விளக்கு எதற்கு?

துறைமுகம் இல்லாததால்தான் விளக்கு அவ்வளவு அவசியமாக இருந்தது. சென்னை இயற்கைத் துறைமுகம் அல்ல. ஒதுங்குவதற்கு வளைகுடாவோ ஆழமான கழிமுகமோ கிடையாது. நேரான மணல் கரை, அதில் விடாமல் அடிக்கும் அலை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. இரும்பாணி அடித்த வெள்ளைக்காரர்களின் படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடிக்கவில்லை. கவர்னரே வந்தாலும் நம் மீனவர்கள் துடுப்பு போட்டால்தான் சென்னையில் கால் வைக்க முடியும் என்ற நிலை.

இப்படிப்பட்ட கரையை இரவில் நெருங்குகிற மாலுமிக்கு எது சென்னை, எது வெறும் மணல் மேடு என்று தெரிய வேண்டும். வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் ஆழமில்லாத மணல் திட்டுகள் வேறு. கொஞ்சம் தப்பினால் கப்பல் தரை தட்டிவிடும். இங்கேதான் ஊர் இருக்கிறது, விடியும் வரை இந்தத் தூரத்திலேயே நில் என்று சொல்வதற்குத்தான் அந்த எண்ணெய் விளக்கு.

கோர்ட் வளாகத்தில் நிற்கும் அந்தக் கல் தூண் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. நானே எடுத்துச் சொல்வேன்.

அதுதான் இரண்டாவது கலங்கரை விளக்கம். பழைய கிரேக்கக் கோயில்களின் டோரிக் தூணை மாதிரியாக வைத்து, பள்ளம் பள்ளமாக வரியிட்டு, பல்லாவரத்துக் கல்லால் எழுப்பியது. உயரம் 125 அடி. மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்தார். 1844 ஜனவரி 1 அன்று அதன் உச்சியில் விளக்கு எரியத் தொடங்கியது. ஐம்பது வருடங்கள் வேலை செய்தது.

கோட்டை மாடி விளக்கோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். இதில் வைத்தவை ஆர்கண்டு விளக்குகள். திரி பட்டையாக இல்லாமல் வட்டக் குழாயாக இருக்கும். நடுவிலும் காற்று போகும், வெளியிலும் போகும், மேலே கண்ணாடிச் சிம்னி. புகை குறைந்து வெளிச்சம் கூடும். வீட்டில் அரிக்கேன் விளக்கு துடைத்தவர்களுக்குச் சிம்னி என்ன வேலை செய்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் குழிந்த உலோகத் தகடு ஒன்று இருக்கும். நாலா பக்கமும் சிதறுகிற ஒளியைச் சேர்த்து அது கடல் பக்கமாகத் திருப்பிவிடும்.

பாரிமுனைப் பக்கம் தினமும் எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள். அந்தத் தூணை ஏறிட்டுப் பார்ப்பவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. உச்சியில் இப்போது விளக்கு இல்லை, அதனால் அது என்னவென்றே தெரியாமல் நிற்கிறது. நகரத்தில் இருக்கும் அழகான கல் வேலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

உயர் நீதிமன்றத்தின் மேல் உண்மையிலேயே விளக்கு இருந்ததா?

இருந்தது, அதுவும் 83 வருடங்கள். சிவப்பு நிற உயர் நீதிமன்றக் கட்டடம் 1892 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் கோபுரங்களில் உயரமானது சுமார் 175 அடி. பக்கத்திலேயே தன்னைவிட ஐம்பது அடி உயரமான கட்டடம் எழுந்த பிறகு கல் தூணில் விளக்கு வைத்திருப்பதில் பொருளில்லை. 1894 ஜூன் 1 முதல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கு ஏறியது. கீழே வழக்கு நடக்கும், மேலே கப்பலுக்கு வழி காட்டுவார்கள். உலகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு அபூர்வம். இப்போது போனாலும் அந்தக் கோபுரத்தின் உச்சியில் விளக்கு இருந்த கூண்டைப் பார்க்கலாம்.

எம்டன் குண்டு போட்டது இந்த விளக்கின் மேலா?

இல்லை. இந்தக் கதை பல மாதிரி உலவுவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவில் திரிந்து ஆங்கிலேயச் சரக்குக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது இந்தக் கடலில் இருக்கிறது என்று தெரிந்தும் சென்னையில் யாரும் விளக்கை அணைக்கவில்லை. ஊர் முழுக்க வெளிச்சம். கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் துறைமுகத்தை நெருங்கி, தன் தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன, உயிர்களும் போயின. ஒரு குண்டு உயர் நீதிமன்ற மதில் பக்கம் விழுந்தது. அங்கே அதற்கு ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

விளக்கு அடிபடவில்லை. ஆனால் கதையின் சோகம் வேறு இடத்தில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் யாரையும் யார் என்று கேட்பதில்லை. கலம் எதுவானாலும் கரையும். அன்றிரவு எதிரிக்கும் அது இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதன் பிறகு பயத்தில் ஏராளமானவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். ‘எம்டன்’ என்ற சொல்லும் தமிழில் தங்கிவிட்டது. எங்கள் தாத்தா கெட்டிக்காரப் பயல்கள் எல்லோரையும் ‘அவன் பெரிய எம்டன்’ என்றுதான் சொல்வார். அந்தக் கப்பலும் நெடுநாள் தப்பவில்லை. அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதை அடித்து முடித்தது.

இப்போதைய கோபுரம் ஏன் முக்கோணமாக இருக்கிறது? உயரம் எவ்வளவு?

கோபுரத்தின் உயரம் சுமார் 46 மீட்டர், அதாவது 150 அடி. கடல் மட்டத்திலிருந்து விளக்கு இருக்கும் உயரம் 57 மீட்டர். காங்கிரீட் கட்டடம், பதினொரு தளங்கள். கலங்கரை விளக்கம் என்றால் உருண்டையாகத்தான் இருக்கும் என்று எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. கல்லையும் செங்கல்லையும் அடுக்கிக் கட்டும் காலத்தில் காற்றைத் தாங்க அதுதான் நல்ல வடிவம். காங்கிரீட் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. இங்கே தளங்களும் லிஃப்டும் உள்ளே அடங்க வேண்டும். முக்கோணம் அதற்கு வசதியாகவே இருக்கிறது.

சிவப்பு வெள்ளைப் பட்டை அழகுக்கு இல்லை. பகலில் விளக்கு தெரியாது. அப்போது கோபுரமேதான் அடையாளம். பக்கத்துக் கட்டடங்களின் சாம்பல், மஞ்சள் நிறங்களிலிருந்து தனியாகத் தெரியத்தான் அந்த வண்ணம்.

இரவில் எப்படி மின்னுகிறது? அணைந்து அணைந்து எரிகிறதா?

பத்து நொடிக்கு ஒரு முறை, அடுத்தடுத்து இரண்டு வெள்ளை மின்னல். அதுதான் சென்னையின் கையெழுத்து. ஒரே கடற்கரையில் இருக்கும் விளக்குகளுக்கு வேறு வேறு கணக்கு கொடுத்திருப்பார்கள். மாலுமி கையில் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்து, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

பொதுவாக இந்த மாதிரிப் பெரிய விளக்குகளில் விளக்கு அணைந்து எரிவதில்லை. விளக்கு நடுவில் நிலையாக எரியும். சுற்றிலும் இருக்கும் கண்ணாடி வில்லைகள் சுழலும். வில்லை ஒளியைத் திரட்டி ஒரு கற்றையாக அனுப்பும். அந்தக் கற்றை நம்மைக் கடந்து போகிற கணத்தில் நமக்கு மின்னல். ஒரே கனத்த கண்ணாடியாக இல்லாமல், வளையம் வளையமாக வெட்டி அடுக்கி வில்லை செய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு ஃபிரெனெல். 1820களில் செய்தார்.

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். கரண்ட் போன இரவுகளில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருப்போம். வானத்தில் அந்தக் கற்றை வந்து போகும். ஒன்று, ரெண்டு, அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அக்காவோடு போட்டி. பத்து நொடிக் கணக்கு என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எவ்வளவு தூரம் தெரியும்?

விளக்கின் சக்தி 28 கடல் மைல், அதாவது சுமார் 52 கிலோமீட்டர் வரை எட்டக்கூடியது. ஆனால் பூமி உருண்டை. வெளிச்சத்துக்குத் தெம்பு இருந்தாலும் பார்ப்பவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் கண்ணுக்குத் தெரியும். 57 மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து தொடுவானம் சுமார் 27 கிலோமீட்டர். ஃபைபர் படகில் உட்கார்ந்திருக்கும் மீனவருக்குக் கண் உயரத்தைச் சேர்த்தால் சுமார் 31 கிலோமீட்டர். கப்பலின் மேல்தளத்தில் 20 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 43 கிலோமீட்டர் வரை. விளக்கை ஏன் உயரத்துக்கு உயரம் ஏற்றிக்கொண்டே வந்தார்கள் என்பதற்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஜி.பி.எஸ். வந்த பிறகும் இது வேண்டுமா?

வேண்டும். இதைக் கேட்பவர்கள் எல்லோரும் பெரிய கப்பலை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். சரக்குக் கப்பலுக்கு எத்தனையோ கருவிகள் உண்டு. அதற்கும்கூடக் கருவி சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க ஒரு நிலையான புள்ளி தேவை. கோபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே நொச்சிக்குப்பம். அங்கிருந்து விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கருவியில் பேட்டரி தீரலாம், தண்ணீர் புகலாம். கோபுரத்து விளக்கு சார்ஜ் கேட்காது. கரையை நோக்கி வருகிறவர் தலையை நிமிர்த்தினால் போதும்.

அது தவிர கடலோரக் கண்காணிப்புக்கான ராடாரும் இந்தக் கோபுரத்தின் உச்சியில் வைக்கப்பட்டிருக்கிறது. இதை நடத்துவது மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை. 1927ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் இயங்கி வந்தது. 2021இல் அதற்குப் புதிய சட்டம் வந்திருக்கிறது.

நடுவில் ஏன் பல வருடங்கள் மூடி வைத்திருந்தார்கள்?

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணமாகப் பொதுமக்களை மேலே விடுவதை நிறுத்தினார்கள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறந்தார்கள்.

எங்கள் அம்மா மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறியவர். மேலிருந்து பார்த்தால் கபாலி கோயில் கோபுரம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. திறந்த பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். லிஃப்டிலிருந்து வெளியே வந்து, கடைசியில் இருக்கும் படிகளை மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி, கடலைப் பார்க்காமல் நேராக மேற்குப் பக்கம் போய் நின்றார். தெரிந்தது.

மேலே போனால் என்னென்ன பார்க்கலாம்? எப்போது போகலாம்?

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை விடுகிறார்கள். சிறிய கட்டணம் உண்டு. மாலை வேளையைத்தான் நான் சொல்வேன், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேலே காற்று பலமாக அடிக்கும், துப்பட்டாவையும் தொப்பியையும் பிடித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருப்பதால் வயதானவர்களும் பெரும்பகுதி போய்விடலாம். லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கங்கள் இந்தியாவில் மிகவும் குறைவு. கொல்லத்துக்குப் பக்கத்தில் தங்கசேரியில் ஒன்று உண்டு.

தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், அதைத் தாண்டி அடையாறு கடலில் சேரும் இடம். வடக்கே மெரினா மணல் முழுசாக, கடைசியில் துறைமுகத்தின் கிரேன்கள். அந்த மணலைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல் சுவர் அதைத் தடுத்து நிறுத்தியது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் கிடைக்காமல் கடல் கரையைத் தின்றுகொண்டே போகிறது. நாம் காற்று வாங்கும் இந்த மணல் அவர்களுக்குப் போயிருக்க வேண்டியது.

நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

தாராளமாக. வெள்ளிக்கிழமையையும் திங்கட்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி அன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்காது. காலையில் அருங்காட்சியகம், கையில் அடையாள அட்டை இருக்கட்டும். அங்கிருந்து வடக்கே உயர் நீதிமன்றம் நடக்கிற தூரம்தான். வளாகத்துக்குள் போகக் கட்டுப்பாடு உண்டு. வெளியில் சாலையில் நின்றே கோபுரத்தைப் பார்த்துவிடலாம். கல் தூணுக்குக் கொஞ்சம் கழுத்தை நீட்ட வேண்டும். பிறகு பாரிமுனையில் சாப்பிட்டுவிட்டு, கடற்கரை ஸ்டேஷனிலோ கோட்டை ஸ்டேஷனிலோ பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் என்றே ஒரு ஸ்டேஷன் வரும். இறங்கியதும் கோபுரம் எதிரில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிழக்கே கடலைப் பார்த்து நடக்க வேண்டும்.

மேலே ஏறி இறங்கியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். மணலில் உட்கார்ந்து இருட்டும் வரை இருங்கள். விளக்கு போடுவார்கள். ஒன்று, ரெண்டு, அப்புறம் எண்ண ஆரம்பியுங்கள்.